உப்புச் சாக்குக் கோவணம்

அந்த டிசம்பரில் எனக்கு ஆறு குச்சி ஒதுக்கினார்கள். லியோமி என்ற கிடாவின் விந்து அடைத்த ஆறு குச்சி. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் குளிர்காலம் முழுவதும் பேரன் பேத்தி பெயரைவிட அந்தக் கிடாவின் பெயரைத்தான் எல்லாரும் அதிகம் சொன்னார்கள்.

காரணம் நடுக்க நோய். மலை முகட்டுக்கு அப்பால் சுன்னுபோலி என்ற பண்ணையில் முந்தைய வசந்தத்தில் ஒரே ஒரு ஆட்டுக்கு அந்த நோய் வந்தது. கால் பின்னி விழுந்தது ஒன்றுதான். சுட்டுப் புதைத்தது கொட்டகை முழுவதையும். பள்ளம் தோண்டிய இயந்திரத்தின் சத்தம் எங்கள் வீட்டு முற்றம்வரை கேட்டது. இந்த நோய் தொற்றாத கூறு ரத்தத்தில் உள்ள ஆடுகளை மட்டும் விட்டுவிடுவார்கள். என் மந்தையில் அந்தக் கூறு உள்ள ஆடு ஒன்றுகூட இல்லை. லியோமிக்கு அது தாய்வழியும் உண்டு, தந்தைவழியும் உண்டு. அவனுக்குப் பிறக்கும் குட்டி எல்லாவற்றுக்கும் அது வந்துவிடும். ஆகவே அந்த ஆறு குச்சிதான் என் மந்தை. மற்றதெல்லாம் பள்ளத்தின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது.

ஆற்றோரப் பண்ணைகளில் சினை ஊசி போடக் கற்றவன் ஒருவன்தான் இருந்தான். அவன் என் கொழுந்தன் பிரந்தூர். என் கணவர் சோல்வியின் தம்பி. ஆற்றுக்கு அந்தக் கரையில் அவன் பண்ணை, இந்தக் கரையில் என்னுடையது. சோல்வி இறந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. இருந்தாலும் அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

சண்டை காதைப் பற்றியது. ஆட்டுக் காது. கோடை முழுவதும் எல்லாப் பண்ணை ஆடுகளும் மலையில் கலந்துதான் மேயும். இலையுதிர் காலத்தில் இறக்கிக்கொண்டுவந்து பட்டியில் பிரிக்கும்போது காது வெட்டைப் பார்த்துத்தான் இது இன்னாருடையது என்போம். இடது காதில் நுனி வெட்டு, வலது காதின் பின்விளிம்பில் ஒரு கொக்கி: இது என் மாமனார் வீட்டு வெட்டு. மூத்த மகன் என்று சோல்விக்கு வந்தது. அவருக்குப் பின் என் பெயரில் பதிந்தேன். "சொந்த ரத்தமில்லாத பொம்பளை எங்கப்பா காதை வெட்டிக்கிட்டுத் திரியறா" என்று பிரந்தூர் கூட்டுறவுக் கடையில் வைத்துச் சொன்னான். நான் அடுத்த வரிசையில் மாவு எடுத்துக்கொண்டிருந்தேன். மாவை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்று, "ரத்தம் வேணும்னா உன் காதை நீட்டு, கத்தரி பையிலதான் இருக்கு" என்றேன். அதிலிருந்து இரண்டு கரையும் இரண்டு தேசம்.

ஊசி நாளன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஸ்கல்லியைச் சொல்ல வேண்டும். ஸ்கல்லி என் மோப்பக் கிடா. கொம்பே முளைக்காத ஜாதி. வழுவழுவென்று மொட்டைத் தலை. என் பெட்டைகளும் லியோமியும் கொம்புள்ள ஜாதி; ஸ்கல்லிக்குப் பிறந்தால் குட்டியும் மொட்டையாகத்தான் இருக்கும். எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது மட்டுமே ஸ்கல்லியின் வேலை. அதற்கு மேல் அவனால் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக வயிற்றுக்குக் கீழே ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, கயிற்றை முதுகுக்கு மேல் இழுத்து முடிந்துவிடுவோம். ஏறுவான், இறங்குவான், சாக்கோடு சரி. ஊரில் அதைக் கோவணம் என்றே சொல்வார்கள். பாதிரியார்கூட அப்படித்தான் சொல்வார்.

பழைய கோவணம் அந்த ஆண்டு நைந்துபோயிருந்தது. கிடங்கில் தேடினேன். முன்பு ஒரு காலத்தில், இரண்டு கரையும் ஒரே குடும்பமாக இருந்தபோது, பிரந்தூரின் மனைவி ரூனா ஒரு கட்டுச் சாக்கு கொடுத்திருந்தாள். கடலோர ஊரில் மீன் பதப்படுத்தும் கூடத்தில் அவளுக்கு வேலை. நல்ல கெட்டிச் சாக்கு. அதில் அகலமாக ஒரு கோவணம் வெட்டி, அதே சாக்கைத் திரித்துக் கயிறும் செய்து தைத்துக் கட்டினேன். ஸ்கல்லிக்கு அது கோட்டு போட்டதுபோல எடுப்பாக இருந்தது.

காலையில் அவனைக் கயிற்றில் பிடித்துக் கொட்டகை முழுவதும் சுற்றிவந்தேன். பருவத்துக்கு வந்தவற்றில் நல்ல மடியும் நல்ல முதுகும் உள்ள ஆறு பெட்டைகளைத் தனிப் பட்டியில் அடைத்தேன். காலையிலேயே வருவதாகப் பிரந்தூர் என் மகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். எனக்கு நேராக அனுப்பமாட்டான். வரவில்லை. பெட்டைகள் நிலைகொள்ளாமல் பட்டியைச் சுற்றின. கிடா பக்கத்தில் இருந்தால் அடங்கி நிற்கும் என்று ஸ்கல்லியையும் அவற்றோடு விட்டேன். கோவணம்தான் இருக்கிறதே. நான் காபி போடப் போனேன். காபி ஆறியது. மறுபடி போட்டேன். அதுவும் ஆறிய பிறகுதான் பாலத்தின்மேல் அவன் வண்டி விளக்கு தெரிந்தது.

நான் கொட்டகை வாசலில் போய் நின்றேன். பிரந்தூர் குச்சிகள் இருந்த குடுவையைக் குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் ரூனா. அவன் ஊசி போடும்போது ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடிப்பவள் அவள்தான்.

"என்ன கொழுந்தனாரே, காலையில வர்றேன்னது எந்த ஊர்க் காலை?" என்றேன்.

"பாலத்துல பனி."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் உன் கொட்டகையில பனி இல்லையாக்கும். அங்க எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தானே வர்றே? கையுறையே ஈரமா இருக்கு."

"குடுவை என் கையில. யாருக்கு முதல்ல போடறதுன்னு எனக்குத் தெரியும், அண்ணி."

"தெரியும் தெரியும். உங்க வீட்டுல எல்லாருக்கும் அது மட்டும் நல்லாத் தெரியும்."

ரூனா எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து கதவைத் தள்ளினாள். "திட்டறதை உள்ள போய்த் திட்டுங்க. எனக்குக் காது உறையுது."

உள்ளே போனோம். பட்டியை எட்டிப் பார்த்த பிரந்தூர் அப்படியே நின்றான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். எனக்குச் சத்தியமாக முதலில் புரியவில்லை. அவன் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன்.

ஸ்கல்லி நடுவில் நின்றுகொண்டிருந்தான். கோவணம் ஒரு பக்கத்துக் கயிற்றில் மட்டும் தொங்கித் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. மறுபக்கத்துக் கயிறு இல்லை. அவன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் எந்தக் கிடாவின் முகத்திலும் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை விருந்தே முடிஞ்சுபோச்சு போல" என்றான் பிரந்தூர். "நான் எதுக்கு? பாத்திரம் கழுவவா?"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு. கயிறு இப்பத்தான் அறுந்திருக்கும்."

"இப்பவா? அந்தச் சிவப்பு முதுகுக்காரியைப் பாருங்க, நிக்கற நிலையைப் பாருங்க. ஊசி போடமாட்டேன். மொட்டையன் முந்திக்கிட்ட இடத்துல லியோமியைக் கொட்டறது குப்பையில கொட்டற மாதிரி. மிச்சமானா அடுத்த கொட்டகைக்குன்னு விதி இருக்கு."

"அடுத்த கொட்டகை யாருது?"

அவன் குடுவையின் மூடியைத் திருகி இறுக்கினான்.

"சொல்லு. அடுத்தது யாரு கொட்டகை?"

"எனக்கு இன்னும் சில பெட்டை இன்னிக்குத்தான் பருவத்துக்கு வந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?"

நான் போய்க் கதவில் சாய்ந்து நின்றேன். பட்டியை அடைக்கும் குறுக்குக் கட்டை கையருகில் இருந்தது, எடுத்துக்கொண்டேன். "ஓ. அதான் கதையா? நேத்து சாயங்காலம் என் கொட்டகைப் பக்கம் உன் வண்டி நின்னுச்சுன்னு என் மக சொன்னா. ஆளில்லாத நேரத்துல உள்ள வந்து முடிச்சைத் தளர்த்திட்டுப் போயிருக்கே. ஆறும் வீணாகணும், ஆறும் உன் வீட்டுக்குப் போகணும். அண்ணன் மந்தை மண்ணுக்குள்ள போகணும், அப்புறம் அந்தக் காது வெட்டு சும்மாவே உன் கைக்கு வந்துடும்."

பிரந்தூரின் முகம் சிவந்தது. "நேத்து நான் வேலிக் கம்பி பார்க்க வந்தேன். ஆத்துப் பக்கத்து வேலி பாதி என்னுது. அண்ணி, நீங்க அளந்து பேசணும்."

"நான் அளந்துதான் பேசறேன். நீதான் அளக்காம எடுக்கறே."

"சரி, வெளிப்படையாவே பேசுவோம். காது வெட்டை என் பேருக்கு மாத்திக் குடுங்க. ஆறையும் இப்பவே போடறேன். மொட்டையன் போட்டிருந்தாலும் போடறேன்."

"ஏங்க," என்றாள் ரூனா. நாங்கள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பட்டிக்குள் இறங்கி ஸ்கல்லியைப் பிடித்து, தொங்கிய கோவணத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடு எல்லாம் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்குது. இங்க நின்னு காதைப் பத்திப் பேசறீங்க. வெக்கமா இல்ல?"

அவள் அறுந்த கயிற்று நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். அது அவிழவும் இல்லை, கத்தியால் வெட்டவும் இல்லை. பிய்ந்து, நார்நாராக, எச்சில் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாக்கு நுனியில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

பட்டியின் மூலையில் திரீவா, என் பெட்டைகளிலேயே மூத்தவள், வாயில் எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சாக்கு நார் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது எங்க கூடத்துச் சாக்குதானே?"

"நீ குடுத்ததுதான்."

"காட் மீன் உப்புப் போட்டு வர்ற சாக்கு இது. ஊறி ஊறிக் கெட்டியானது. கழுவாமலா தைச்சீங்க? குளிர்காலம் பூரா காஞ்ச புல்லைத் தின்னுக்கிட்டு இருக்கற ஆட்டுக்கு நடுவுல உப்புக்கட்டியை நடக்கவிட்டிருக்கீங்க. கயிறு என்ன, விட்டா கிடாவையே நக்கித் தின்னிருக்கும்."

பிரந்தூர் மறுபடி சிரித்தான். இந்தத் தடவை குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெட்டைங்களே கோவணத்தை அவுத்திருக்கு! அண்ணி, இனிமே முடிச்சை நான் தளர்த்தினேன்னு சொல்லுவீங்களா?"

"நீ நேரத்துக்கு வந்திருந்தா உப்பும் சாக்கும் சேர்ந்து என்ன பண்ணியிருக்கும்? உன் ஆட்டுக்கு முதல்ல போட ஓடினே பாரு, அதுதான் கயித்தைத் தின்னுச்சு."

அது அவனுக்குப் பட்டது. குடுவையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி வந்தான். நான் நகரவில்லை. குறுக்குக் கட்டை என் கையில்தான் இருந்தது. அவன் நெஞ்சில் குடுவை, என் நெஞ்சுக்கு முன்னால் கட்டை, இப்படி நின்றோம்.

ரூனா பின்னாலிருந்து சொன்னாள்: "போடுங்க."

"என்னது?"

"ஆறையும் போடுங்க. நான் காலைத் தூக்கறேன். மொட்டையன் எதை முடிச்சான், எதை விட்டான்னு யாருக்குத் தெரியும்? சாக்கு என் வீட்டுச் சாக்கு. ரூனா குடுத்த சாக்கால ஹல்பெரா அக்கா மந்தை அழிஞ்சுதுன்னு நாளைக்கு ஊரே பேசும். எனக்கு அந்தப் பேரு வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்காக இல்ல அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை எனக்குப் பிடிக்காது."

"எனக்கும்தான்."

"சந்தோஷம். கட்டையை ஓரமா வைங்க."

பிரந்தூர் போட்டான். என் வாழ்நாளில் அவ்வளவு கோபத்தோடு யாரும் அவ்வளவு நிதானமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. ரூனா ஒவ்வொரு பெட்டையின் பின்னங்கால்களையும் தூக்கித் தடுப்புப் பலகையின்மேல் சாய்த்துப் பிடித்தாள். அவன் நெற்றி விளக்கைத் தாழ்த்தி, விளக்குக் குழாயை நுழைத்துக் கருவாயைத் தேடி, குச்சியை அழுத்தினான். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இதுவும் மொட்டைதான் போடும்" என்றான். ஆறாவதாகத் திரீவா. அவள் அப்போதும் மென்றுகொண்டுதான் இருந்தாள்.

"மே மாசம் மொட்டைத் தலையா வந்து விழும்போது, பிரந்தூர் கை சரியில்லன்னு என் வாசல்ல வந்து கத்தக் கூடாது" என்றான் கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"கத்தமாட்டேன். உன் வாசலுக்கு வந்தாத்தானே."

காபி ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் சினை ஊசி போட வந்தவனைக் காபி இல்லாமல் அனுப்புவது கிடையாது. இருவரும் நின்றபடியே குடித்தார்கள். ஆறிய காபி.

பிப்ரவரியில் குளிர்கால விருந்து வந்தது. எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்தில் ஆண்டுக்கொரு முறை எல்லாரும் கூடி, வாட்டிய ஆட்டுத் தலையும் புளித்த இறைச்சியும் சாப்பிட்டு, அந்த ஆண்டு ஊரில் யார் யார் என்னென்ன கோமாளித்தனம் செய்தார்கள் என்று நாடகம் போட்டுச் சிரிப்போம். நாடகம் போடும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது கடைசிவரை ரகசியம். யாரைக் கிண்டல் செய்கிறார்களோ அவர்கள் சேர்ந்து சிரித்தாக வேண்டும். சிரிக்காதவர் அதன் பிறகு அந்தக் கூடத்தில் ஒரு ஆளே அல்ல.

திரை விலகியது. மேடையில் பிரந்தூர் நான்கு காலில் வந்தான். தலையில் பன்றித்தோல் நிறத்தில் ஒரு நீச்சல் தொப்பி. இடுப்பில் சாக்கு. பின்னால் கம்பளிச் சட்டையைத் திருப்பிப் போட்ட நான்கு ஆண்கள் பெட்டை ஆடுகளாக வந்து அவன் இடுப்பை நக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் என்னைப்போலவே தலைத்துண்டு கட்டி, என்னைப்போலவே கையை இடுப்பில் வைத்து, "காபி ஆறிப்போச்சு! காபி ஆறிப்போச்சு!" என்று கத்திக்கொண்டு மேடையைச் சுற்றினான். கயிறு அறுந்து சாக்கு விழுந்ததும் கூடமே எழுந்து நின்று மேசையைத் தட்டியது. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சிரித்தேன். தட்டில் இருந்த ஆட்டுத் தலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தேன். அதன் பல்லும் என் பல்லும் ஒரே மாதிரி தெரிந்திருக்கும். கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து நின்று உரக்கக் கேட்டேன்:

"நல்லா இருந்துச்சு. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சே! அந்தச் சாக்கு யாரு வீட்டுச் சாக்குன்னு சொல்லவே இல்லையே? ரூனா, நீயாவது சொல்லக் கூடாதா?"

அத்தனை தலையும் ரூனா பக்கம் திரும்பியது. "மீன் கூடத்துச் சாக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "திருட்டுச் சாக்கா, கேட்டு வாங்கின சாக்கா?" என்று இன்னொரு மேசையிலிருந்து குரல் வந்தது. மறுபடி சிரிப்பு. ரூனா சிரிக்கவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிரந்தூர் நீச்சல் தொப்பியோடு அவள் பின்னால் ஓடினான். அதற்கும் கூடம் சிரித்தது.

அதன் பிறகு கடைக்கு நான் வந்தால் ரூனா வெளியே போவாள். நான் தபால்பெட்டிப் பக்கம் போனால் அவள் வண்டியைத் திருப்புவாள். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

மே மாதம் குட்டிகள் விழத் தொடங்கின. ஊசி போட்ட ஆறும் ஒரே வாரத்தில் ஈன்றன. பிறந்ததும் நான் மூக்கைத் துடைக்கவில்லை, தொப்புளைப் பார்க்கவில்லை. தலையைத் தடவிப் பார்த்தேன். மொட்டை. அடுத்ததும் மொட்டை. அடுத்த பெட்டைக்கு இரட்டை, இரண்டும் மொட்டை. ஐந்து பெட்டைகள் முடிந்தபோது கொட்டகை முழுவதும் சின்னச் சின்ன ஸ்கல்லிகள் துள்ளிக்கொண்டிருந்தன. வழுவழுவென்று, கொழுகொழுவென்று, ஒன்றுக்கும் உதவாமல். முகட்டுக்கு அப்பால் கேட்ட பள்ளம் தோண்டும் சத்தம் எனக்கு மறுபடி கேட்பதுபோல இருந்தது.

கடைசியாகத் திரீவா. முதல் குட்டி வந்தது. பெட்டை. மொட்டை. நான் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மறுபடி முக்கினாள். இன்னொன்று வந்தது. கிடா. தலையைத் தொட்டேன். ஈர மயிருக்கு அடியில், விரல் நுனியில், இரண்டு குமிழ். அழுத்திப் பார்த்தேன். கெட்டி. இரண்டு பக்கமும்.

ஒரே வயிறு, ஒரே ஈற்று, இரண்டு அப்பன். ஆட்டில் இது நடக்கும், கேள்விப்பட்டிருக்கிறேன். என் கையில் விழும் என்று நினைக்கவில்லை. கோவணத்தைத் தின்றவளே லியோமிக்கும் இடம் வைத்திருந்தாள்.

குட்டிகளை மலைக்கு ஓட்டும் முன் காது வெட்டுவோம். இடது காதில் நுனி, வலது காதில் கொக்கி. அவன் காதில் வெட்டிய சில்லைச் சோதனைக்கு அனுப்பினேன். கூறு இருக்கிறது என்று பதில் வந்தது. அவனுக்கு ஸால்தி என்று பெயர் வைத்தேன். எங்கள் பேச்சில் உப்பன் என்று அர்த்தம்.

என் ஆறும் ஈன்ற அந்த வாரத்தில் அக்கரைக் கொட்டகையில் விளக்கு எரியவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் குட்டி விழும் காலத்தில் யார் கொட்டகையிலும் விளக்கு அணையாது, பார்த்ததுமே தெரிந்துவிடும். பிரந்தூரின் ஆடுகள் பாதி மாதம் தள்ளித்தான் ஈன்றன. அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: ஊசி பிடிக்கவில்லை, அடுத்த பருவத்தில் அவன் சொந்தக் கிடாவை விட்டிருக்கிறான். எனக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், பருவம் முற்றாத பெட்டைகளுக்கெல்லாம் லியோமியைச் செலவழித்திருக்கிறான். ஊர் முழுவதற்கும் ஊசி போடுகிறவன் கொட்டகையில் லியோமிக்கு ஒரு குட்டிகூட இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் நடுக்க நோய் இன்னொரு பண்ணைக்கு வந்தது. இந்தத் தடவை முகட்டுக்கு இந்தப் பக்கம். லியோமியின் குச்சிக்கு எல்லாரும் ஓடியதில் அந்த ஆண்டு எங்கள் ஆற்றோரத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டிசம்பர் தொடங்கியதும் ஒரு நாள் மதியம் பிரந்தூரின் வண்டி என் முற்றத்தில் வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. இயந்திரத்தையும் அணைக்கவில்லை. ரூனாதான் இறங்கி வந்தாள். விருந்துக்குப் பிறகு அவள் முகத்தை நான் அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"அந்தக் கிடா வேணும்," என்றாள். "கொஞ்ச நாளைக்கு. எங்க கொட்டகையில நிக்கட்டும்."

"உன் வீட்டுக்காரனுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு. உங்ககிட்ட வந்தா அது என்ன பேசும்னு எனக்குத் தெரியாது. அதான் உள்ளயே உட்காரச் சொன்னேன்."

நான் அவளைத் தாண்டி வண்டியைப் பார்த்துக் கத்தினேன். "ஏன் கொழுந்தனாரே, குடுவை காலியா? போன வருஷம் அவ்வளவு அவசரமாப் போட்டியே, எல்லாம் எங்க போச்சு?"

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. "குடுக்க முடியும்னா குடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க. நாடகம் வேண்டாம்."

"நாடகம் போடறது நீ. நீச்சல் தொப்பி எங்க?"

கண்ணாடி ஏறியது. ரூனா நகராமல் நின்றாள். "அக்கா, நான் கெஞ்சமாட்டேன். அங்க எங்க ஆடு விழுந்தா ஆத்துத் தண்ணி இங்கயும்தான் வரும். அது உங்களுக்கே தெரியும். அன்னிக்கு நான் காலைத் தூக்கலேன்னா அந்தக் கிடா இல்ல. அதுவும் உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

"உள்ள வந்து நில்லு. குளிருது."

அவளைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஸால்திக்கு அதற்குள் கொம்பு ஒரு சுற்று வளைந்திருந்தது. கிடங்கில் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்தேன். அறுந்த பக்கத்துக்குப் புதுக் கயிறு திரித்துத் தைத்திருந்தேன்; ரூனா கொடுத்த இன்னொரு மீன் சாக்கில் திரித்தது. அதை அவன் வயிற்றில் கட்டி, முதுகில் முடிச்சுப் போட்டேன். இறுக்கி, இன்னொரு முறை இறுக்கினேன். பிறகு வெளியே ஓட்டிவந்தேன்.

வண்டிக் கதவு திறந்தது. பிரந்தூர் இறங்கியேவிட்டான். "இது என்ன? கோவணத்தோட அனுப்பறீங்களா? என்னைக் கேலி பண்ணவா இவ்வளவு நேரம்?"

"நிக்கட்டும்னுதானே உன் பொண்டாட்டி கேட்டா. நிப்பான். மோப்பம் பிடிப்பான். எங்க மாமனார் வெட்டு அவன் காதுல இருக்கு, ஆசை தீரப் பார்த்துக்கோ. ஒரே ஒரு நிபந்தனை. அந்த முடிச்சுல உன் கை படக் கூடாது. சொல்லு."

"இதைக் கொண்டுபோய் நான் என்ன பண்ண? ரூனா, ஏறு வண்டியில. அப்பவே சொன்னேன் இந்தப் பொம்பளைகிட்ட..."

"சும்மா இருங்க," என்றாள் ரூனா.

அவள் குனிந்து கிடாவின் வயிற்றுக்குக் கீழே கையை விட்டாள். சாக்கின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். விரலை வாயில் வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கழுவவே இல்லையா அக்கா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"எங்க ஆட்டுக்கு நான் இன்னும் உப்புக்கட்டி வைக்கல."

"அது உன் வீட்டுக் கதை. என்கிட்ட ஏன் சொல்றே?"

அவள் பிரந்தூரிடம் திரும்பினாள். "கை படாதுன்னு சொல்லுங்க."

"எதுக்கு..."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

அவன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். ஒன்றும் விளங்காத முகம். எனக்கு அதைப் பார்க்கவே குளிருக்கு இதமாக இருந்தது. "படாது," என்றான் கடைசியில், துப்புவதுபோல. சொன்னால் மாறமாட்டான், அந்தக் குடும்பத்தில் அது ஒன்று உண்டு.

ஸால்தியைப் பின்பக்கம் ஏற்றினார்கள். ரூனா நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. வண்டி பாலத்தை நோக்கித் திரும்பியபோது கம்பித் தட்டிக்குப் பின்னால் அந்த இடது காது, நுனி வெட்டுப்பட்டது, ஆடியபடி தெரிந்தது. நான் உள்ளே போய்த் திரீவாவுக்குப் புல் போட்டேன்.